முனிக்கு நேந்துவிட்ட வாத்து

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கதை சொல்ல வராது. ஆனால் என் வாத்தைப் பற்றித் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்தது எனக்குத்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது ரப்பர் தோட்டம். எஹலியகொடவில் பஸ் ஏறி வந்து இறங்கி, மேலே நடக்க வேண்டும். நான் பால் வெட்டுகிறவள். இருட்டோடு மலைக்குப் போய், மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைக்குப் பேர் விழும்; பேர் விழுந்தால்தான் சம்பளம். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. பேரும் இல்லை. இந்தப் பக்கம் மழைக்குக் குறைவு கிடையாது.

வாத்து முட்டையாகத்தான் வந்தது. சந்தையில் முட்டை விற்கிற முஸ்லிம் நானா நான்கு வாத்து முட்டை கொடுத்து, "கோழிக்கு அடியில வச்சுப் பாருங்க தங்கச்சி, பொரிச்சாலும் பொரிக்கும்" என்றார். வைத்தேன். மூன்று கூமுட்டை. ஒன்று பொரித்தது.

அடைகாத்த கோழி அதைத் தன் குஞ்சு என்றே நினைத்தது. பத்தாம் நாள் மழை பெய்து எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கு முன்னால் தண்ணீர் வடிகிற கான் நிறைந்து ஓடியது. குஞ்சு நேரே போய் அதில் இறங்கிவிட்டது. கோழி கான் ஓரத்தில் இங்கும் அங்கும் ஓடி, இறக்கையை அடித்து, லயமே கூடும்படி கத்தியது. குஞ்சு கேட்கவில்லை. தண்ணீரில் போய்க்கொண்டே இருந்தது. அன்றோடு கோழி அதைக் கைவிட்டது. மற்றக் கோழிகள் கொத்த ஆரம்பித்தன. கழுத்தில் மயிர் போய்த் தோல் தெரிந்தது.

வளர்ந்தது. பெட்டை வாத்து. வெள்ளை. ஆனால் துணை இல்லை. வேலை முடிந்து வந்து பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அது வாளிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். வாளியின் பளபளப்பில் ஒரு வாத்து தெரியும். அதோடு பேசும். தலையை ஆட்டும். பதில் வராது. மறுபடி பேசும். முதல் நாள் பார்த்துச் சிரித்தேன். ஒரு வாரம் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

விறகுக்குப் போன ஒரு நாள் காட்டு வாத்துகளைப் பார்த்தேன். எங்கள் மலை முடிகிற இடத்தில் முனியாண்டி கல் இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ மாணிக்கக் கல்லுக்குத் தோண்டி, கிடைக்காமல் விட்டுப்போன பெரிய குழி. இப்போது குளம் மாதிரித் தண்ணீர். அதற்கும் கீழே சிங்கள ஆட்களின் வயல். குழியில் பத்துப் பன்னிரண்டு காட்டு வாத்துகள் மிதந்தன. மண் நிறம். நீளக் கழுத்து. என்னைக் கண்டதும் விசில் அடித்துக்கொண்டு எழும்பிப் போயின.

வீட்டுக்கு வந்து வாத்தைப் பார்த்தேன். வாளியோடு பேசிக்கொண்டிருந்தது. இதுக்கு அதோட சாதிசனத்தை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

அடுத்த மழை நாள். வெட்டு இல்லை. வாத்தைப் பால் வாளிக்குள் வைத்து, மேலே சாக்கைப் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் வாசலில் இருந்து கேட்டார். "எங்க, மாப்ள பாக்கவா?"

"ஆமா."

"சீர் ஒண்ணும் கொண்டு போகலியா?"

நான் நடந்தேன். பேசினால் அவர் இன்னும் பேசுவார்.

அன்று காட்டு வாத்துகள் நிற்கவில்லை. இதைத் தண்ணீரில் விட்டதும் எழும்பிப் போய்விட்டன. இது தண்ணீரின் நடுவில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தியது. இரண்டாவது மழை நாளும் அப்படித்தான். மூன்றாவது நாள் அவை எழும்பவில்லை. அந்தக் கரைக்குப் போயின. இது இந்தக் கரை. இது 'க்வாக்' என்கிறது. அவை விசில் அடிக்கின்றன. ஒன்றின் பேச்சு ஒன்றுக்குப் புரியாது. ஆனாலும் இது வாளியோடு பேசும்போது தலையை ஆட்டுகிற மாதிரி ஆட்டவில்லை. வேறு மாதிரி ஆட்டியது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

வயல்கார ஐயா ஒருவர் வரப்பில் நின்று கேட்டார். "அக்கே, தாராவா நாவன்னத யன்னே?" வாத்தைக் குளிப்பாட்டவா போகிறாய் என்று. சொந்தக்காரர்களைப் பார்க்கக் கூட்டிவந்தேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவற்றுக்குப் பெயர் தம்ப சேருவா, பகலில் தூங்கும், இரவில் என் நெல்லைத் தின்னும் என்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவை எழும்பிவிடாமல் குழியைச் சுற்றிக்கொண்டு போனார். தன் நெல்லைத் தின்கிற பறவைக்காக ஒரு மனிதர் சுற்றிப் போகிறார். எங்கள் லயத்து ஆட்களுக்கு அந்தப் புத்தி இல்லை.

அங்கே சிரிப்போ சிரிப்பு. பொடியன்கள் போனில் வீடியோ எடுத்துப் போட்டார்கள். எங்கள் பிரிவுக் கங்காணி வாளிக்காகச் சண்டைக்கு வந்தார்.

"தோட்டத்து வாளியில வாத்து பேண்டா பால் கெட்டுப் போகும். தெரியாதா உனக்கு?"

அது நியாயம். பால் கெடும். நான் பழைய பெயிண்ட் வாளி ஒன்றைத் தேடி, கழுவி, காற்றுக்கு ஓட்டை போட்டு வைத்துக்கொண்டேன். அதோடு விட்டாரா? இல்லை. "மழ நாள்ல வீட்டுல வேல இல்லாதவதான் இப்பிடித் திரிவா" என்று எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வீட்டு வேலை முடித்துத்தான் போகிறேன். மழை நாளில் ஆம்பிளைகள் கூடிக் கசிப்பு குடிக்கிறார்கள். அதை யாரும் திரிகிறது என்று சொல்வதில்லை.

வீட்டுக்காரரின் தம்பி கித்துல்கலவில் வேலை. வெள்ளைக்காரர்கள் ஆற்றில் போகிற ரப்பர் படகைத் தூக்கி இறக்குகிற வேலை. அவர்தான் சொல்வார். "காலங்காத்தால எழும்பி வெள்ளக்காரன் பறவ பாக்கப் போறான் அண்ணி. கழுத்துல தூரம் பாக்குற கண்ணாடி. கூட ஒரு கைடு. போறதுக்கு ஒரு வேன்." அவர்கள் பார்த்தால் அது சுற்றுலா. நான் பெயிண்ட் வாளியோடு போய்ப் பார்த்தால் பைத்தியம்.

அந்தத் தம்பிதான் ஒரு லீவுக்கு வந்து இந்த வினையை இழுத்துவிட்டார். கூட்டாளி ஒருவரும் வந்திருந்தார். போத்தலும் வந்திருந்தது. தம்பி வாசலில் குந்தி வாத்தையே பார்த்தார்.

"அண்ணி, இத எத்தன நாளைக்கு வச்சு அழகு பாக்கப் போறீங்க? மிளகு தட்டிப் போட்டு வறுத்தா எப்பிடி இருக்கும் தெரியுமா?"

வீட்டுக்காரர் சிரித்தார். "உங்க அண்ணி அதுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி வறுக்கக் கூடாது."

தம்பி எட்டிக் கழுத்தைப் பிடித்துவிட்டார். வாத்து காலை அடித்தது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார். எழும்பவில்லை.

"விடுங்க தம்பி. அது சாமிக்கு நேந்துவிட்டது."

என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

"வாத்தயா?"

"வாத்தத்தான்."

"எந்தச் சாமிக்கு?"

ஒவ்வொரு மழை நாளும் அந்தக் கல்லைத் தாண்டித்தானே போகிறேன். அதுதான் ஞாபகத்தில் இருந்தது. "முனிக்கு" என்றேன்.

அவர் கை சுட்டது போல விட்டார்.

இங்கேதான் நான் பிழை செய்தேன். பிள்ளையாருக்கு என்று சொல்லியிருந்தால் கத்தியே கிடையாது. மாரியம்மனுக்கு என்று சொல்லியிருந்தால் கோயில் வளவில் உயிரோடு விட்டுவிட்டு வரலாம். முனி அப்படி இல்லை. முனிக்கு நேந்தால் அறுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் கழுத்துத்தான் கண்ணில் இருந்தது.

லயத்தில் ஒரு பேச்சு இந்தக் காம்பராவில் பிறந்தால், தேத்தண்ணி கொதிக்கும் முன் கடைசிக் காம்பராவில் இருக்கும். மறுநாள் எல்லாருக்கும் தெரிந்தது. முதலில் நல்லதாகத்தான் இருந்தது. வாத்துக்குக் கல் எறிவது நின்றது. நாயை அடித்து விரட்டினார்கள். வீடியோ எடுக்கவில்லை. நேந்துவிட்ட உயிர் என்று மிச்சச் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். சாகப் போகிற வாத்துக்கு இவ்வளவு மரியாதை. உயிரோடு இருக்கிற வாத்துக்கு இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் மழை நாளில் போய்க்கொண்டுதான் இருந்தோம். போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. காட்டு வாத்துகள் இப்போது பழகிவிட்டன. இது போனால் விலகுவதில்லை. ஒரு நாள் அவற்றின் நடுவிலேயே தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்கியது. மண் நிறத்துக்கு நடுவில் ஒரு வெள்ளை. நான் கரையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நனைந்தபடி இருந்தேன். எழும்பத் தோன்றவில்லை.

முனி பூசைக்கு ஒரு வாரம் இருந்தபோது கங்காணி மலையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கினார். கோயில் தலைவரும் அவர்தான். கம்பை ஊன்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, வாற வெள்ளிக்கெழம முனிக்குப் பூச. வாத்தக் குளிப்பாட்டிக் கொண்டாந்துரு."

"நேந்தேன் கங்காணி அண்ணே. எப்பக் குடுப்பேன்னு சொல்லல."

"முனிகிட்டயே தவண கேக்குறியா? பாரு என் கால. நேந்தத நீ வீட்டுல வச்சுக் கொஞ்சுற, அடி எங்க மேல விழுது."

அந்தக் கால் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். ஏழாம் மலைக்கு ஏறுகிற படியில் பாசி. "வழுக்குது அண்ணே, ஆள் போட்டுச் செதுக்கணும்" என்று நானே இரண்டு முறை சொன்னேன். "பாப்போம்" என்றார். பார்த்தாகிவிட்டது. படி வழுக்கினதற்கு என் வாத்து என்ன செய்யும்?

அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "வாத்துக்குப் பதிலா சேவல் குடுக்குறேன். நல்ல சேவல்" என்றேன்.

"நேந்தது வாத்து. சேவலக் குடுத்து முனிய ஏமாத்தப் பாக்குறியா?"

போன வருடம் அவர் கெடா நேந்து சேவல் கொடுத்தார். கோயிலடியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அப்போது முனி ஏமாறவில்லையாம். தலைவர் கொடுத்தால் மாற்று. நான் கொடுத்தால் ஏமாற்று.

இரவு சாப்பாட்டில் வீட்டுக்காரர் சொன்னார். "பொய் சொன்னேன்னு சொல்லிரு. முடிஞ்சுது."

"சொன்னா விட்டுருவாங்களா?"

அவர் கையைக் கழுவினார். "விட மாட்டாங்க. முனி பேர்ல பொய் சொன்னவன்னு, லயத்துல எவனுக்குத் தலவலி வந்தாலும் உன் தலையிலதான் கட்டுவாங்க."

"தம்பி கழுத்தப் புடிச்சப்ப நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் முனிய இழுக்குறேன்?"

அவர் பேசாமல் இருந்த இரவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மழை. வெட்டு இல்லை. நான் ஒரு முடிவோடு வாளியைத் தூக்கினேன். குழியில் காட்டு வாத்துகள் இருந்தன. இதைத் தண்ணீரில் விட்டேன். அது அவற்றிடம் போனது. நான் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். காணாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அது அங்கேயே பிழைத்துக்கொள்ளும். நரி, உடும்பு மாதிரிப் பெரிய கபரகொய்யா எல்லாம் இருக்கிறது. இருக்கட்டும். கத்தியை விட மேல்.

முனி கல்லடிக்கு வந்தபோது வயலில் இருந்து அந்த ஐயா கத்தினார். "அக்கே, பஸ்ஸென் எனவா!"

பின்னால் வருதாம். திரும்பினேன். சேற்றில் தப்புத் தப்பென்று கால் வைத்து ஏறி வந்துகொண்டிருந்தது. மேல்மூச்சு வாங்கியது. இவ்வளவு மேட்டை அது ஒரு நாளும் நடந்ததில்லை. வந்து என் காலடியில் நின்று, வாளியைப் பார்த்தது.

தூக்கி வாளிக்குள் வைத்தேன். முனியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூசை. தப்பு அடித்தார்கள். காலையில் இருந்தே வெடி. ஒவ்வொரு வெடிக்கும் கீழே குழிப் பக்கம் பார்த்தேன். முதல் வெடிக்கே காட்டு வாத்துகள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அறுக்கும் முன் மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்க வேண்டும். உயிர் உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது. சிலுப்பாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது. கெடாவும் சேவலும் தண்ணீர் பட்ட உடனே சிலுப்பிவிடும். அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. சிலுப்பாத உயிரை நான் அந்தக் கல்லடியில் கண்டதில்லை.

வாத்தும் சிலுப்பும். எனக்குத் தெரியும். குழியில் இருந்து ஏறினால் தலையில் தொடங்கி வால் நுனி வரை ஒரு சிலுப்பு. எத்தனை நாள் என் முகத்தில் அடித்திருக்கிறது. அதனால் எனக்கு நம்பிக்கை இல்லை. காட்டிக்கொள்ளவில்லை.

சேவல்கள் முடிந்தன. பூசாரி என்னைப் பார்த்தார். அவரும் எங்களோடு பால் வெட்டுகிறவர்தான்.

"கொண்டா தாயி."

வாளியில் இருந்து எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தேன். இரத்தம் கிடந்தது. வாத்து அதை மிதிக்காமல் தள்ளி நின்றது. பூசாரி வேப்பிலையைச் செம்பில் தோய்த்துத் தெளித்தார். வாத்து அண்ணாந்து வாயைத் திறந்து குடித்தது.

யாரோ சிரித்தார்கள்.

இரண்டாம் முறை தெளித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றது. முத்து முத்தாய் முதுகில் உருண்டு ஓடியது. மூன்றாம் முறை தலையிலேயே தெளித்தார். அது வசதியாக உட்கார்ந்துகொண்டது. அலகால் நெஞ்சைக் கோத ஆரம்பித்தது.

"முனி வேணாங்குறாரு" என்றார் பூசாரி.

கங்காணி கம்பை ஊன்றி முன்னால் வந்தார். "கொஞ்சமாத் தெளிச்சா அதுக்கு எப்பிடி ஒறைக்கும்? குடுங்க இங்க!" குடத்தைத் தூக்கினார். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரையும் என் வாத்தின் மேல் கவிழ்த்தார்.

வெள்ளை வாத்து மஞ்சள் வாத்து ஆனது. கழுத்தை நீட்டி, ஊருக்கே கேட்க மூன்று முறை கத்தியது. சந்தோசம் வந்தால் அப்படித்தான் கத்தும். பிறகு அந்தத் தண்ணீர் தேங்கின பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"இன்னொரு கொடம் ஊத்துங்க கங்காணி, சவுக்காரமும் குடுங்க!" என்று பின்னால் இருந்து ஒரு குரல். தப்புக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். கங்காணி திரும்பி, யார் என்று தேடினார். அது என் வீட்டுக்காரர் குரல். நான் காட்டிக் கொடுக்கவில்லை.

"மூணு தடவதான் வழக்கம். நீங்க நாலாவதும் ஊத்திட்டீங்க. இனி யாரும் தொடக் கூடாது" என்றார் பூசாரி. வாத்தின் தலையில் குங்குமம் வைத்தார். "எடுத்துட்டுப் போ தாயி."

எடுத்து வாளியில் வைத்தேன். கும்பிட்டேன். நடந்தேன். ஓடவில்லை. பாதை திரும்புகிற ரப்பர் மரத்தைத் தாண்டினேன். அப்போதுதான் வாளிக்குள் எழும்பி நின்று சிலுப்பியது. தலை முதல் வால் வரை. என் முகம், சட்டை எல்லாம் மஞ்சள் தண்ணீர்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சாக்கை இழுத்து மூடினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் கங்காணியின் பெண்சாதி கிண்ணம் கொண்டு வந்தாள்.

"அக்கா, முனி திருப்பிக் குடுத்த வாத்து முட்ட காலுக்கு நல்லதாம். மஞ்சளோட அடிச்சுப் பத்துப் போட்டா வீக்கம் வத்திருமாம். ஒண்ணு குடுங்களேன். அவருதான் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அவருதான். குடத்தைக் கவிழ்த்த அதே மனுசன். வாத்தின் தலை போனால் கால் சரியாகும் என்றார். தலை போகவில்லை. இப்போது முட்டை வேண்டுமாம். எப்படியும் எங்கள் வீட்டில் இருந்து ஒன்று போக வேண்டும்.

"இல்ல" என்றேன்.

"முட்ட இல்லியா?"

"இருக்கு. குடுக்க இல்ல. மொதல்ல அந்தப் படியச் செதுக்கச் சொல்லு."

அவள் போனாள். அன்று விழுந்த முட்டையை அவித்து, உப்புப் போட்டு, வாசலில் இருந்து நானே தின்றேன். அதில் குறை இருந்தால் முனி என்னிடம் கேட்கட்டும். கங்காணி கேட்க வேண்டாம்.

காட்டு வாத்துகள்தான் வரவில்லை. பூசைக்குப் பிறகு மூன்று மழை நாள் போனோம். குழியில் தண்ணீர் மட்டும். கரையில் வெடிக் கடதாசி சிவப்பாய் ஊறிக் கிடந்தது. அதைப் பொறுக்கினேன். இது நடுவில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தியது, முதல் நாள் மாதிரி. வயல்கார ஐயா வரப்பில் இருந்து கையை விரித்துக் காட்டினார். அவர் நெல்லுக்கு நல்லதுதான். ஆனாலும் அவர் முகம் நன்றாக இல்லை. முனி என் வாத்தின் உயிரே வேண்டாம் என்ற இடத்தில் யாருக்கு அந்த வெடி? இரண்டு வருடமாக ஒவ்வொரு மழையிலும் நனைந்து சேர்த்த பழக்கம். ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள். யாரும் அதை ஒரு நட்டமாக நினைக்கவில்லை.

இன்றைக்கும் மழை. மரம் நனைந்துவிட்டது. நான் பெயிண்ட் வாளியை எடுத்ததும் வாத்து தானாக வந்து நின்றது.

வீட்டுக்காரர் வாசலில் இருந்து கேட்டார். "மாப்ள வீட்டு ஆளுக திரும்பி வந்துட்டாங்களா?"

"வெடி போட்டவங்களப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினேன்.